திருட்டு எஞ்சினை வாங்குவதும் நம் கடற்கரைதான்

பழவேற்காடு முதல் நீரோடி வரை வள்ளமும் நாட்டுப்படகும் வைத்துத் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகளுக்கும், ஊர்க் கமிட்டியாருக்கும், பஞ்சாயத்தாருக்கும், பங்குப் பேரவையினருக்கும், ஜமாத்தாருக்கும், ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தில் வீட்டையும் வலையையும் காக்கும் அக்கா தங்கைகளுக்கும்,



குமரிக் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்துப் பிழைப்பவன் நான். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு வரும் சீக்கு அத்தனையும் என் பட்டறைக்கு வந்து சேரும். எஞ்சினோடு ஊர்க்கதைகளும் வந்து இறங்கும். அவற்றில் ஒன்று வருஷம் தவறாமல் வருகிறது: "ராத்திரி இருந்தது, காலையில பார்த்தா இல்ல." எஞ்சின், வலை, பேட்டரி, ஜிபிஎஸ், சில சமயம் வள்ளமே போயிருக்கும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கோடியக்கரைக்கு அப்பால் நடுக்கடலில் யாரோ படகில் வந்து மறித்து, வலையையும் எஞ்சினையும் பறித்துக்கொண்டு போனால் மறுநாள் நாளிதழில் வருகிறது. சங்கங்கள் அறிக்கை விடுகின்றன. கலெக்டரிடம் மனுப் போகிறது. போகத்தான் வேண்டும். ஆனால் அதே எஞ்சின் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து போனால் அடுத்த தெருவுக்கே விஷயம் எட்டுவதில்லை. வெளியே சொன்னால் ஊருக்குக் கெட்ட பேர் என்று பெரியவர்கள் அடக்கிவிடுகிறார்கள். பறிகொடுத்தவன் வட்டிக்கு வாங்கி இன்னொரு எஞ்சின் போடுகிறான், அல்லது இன்னொருவன் வள்ளத்தில் கூலியாக ஏறுகிறான். இன்று புது எஞ்சின் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நேற்று வரை சொந்த வள்ளம் ஓட்டியவனைப் பங்குக்கு வேலை தேடி அலைய வைக்க ஒரு ராத்திரி போதும்.

இந்தத் திருட்டில் நாம் யோசிக்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எடுத்தவன் அதை என்ன செய்வான்?

தங்கச் சங்கிலியை அறுத்தால் உருக்கிவிடலாம், அது எவர் கழுத்தில் கிடந்தது என்று தங்கம் சொல்லாது. அவுட்போர்டு எஞ்சின் அப்படியில்லை. அதை வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்க முடியாது, ஆட்டோவில் மாட்ட முடியாது. உடைத்துக் காயலான் கடையில் அலுமினியமாகப் போட்டால் சொற்பம்தான் தேறும். முழு எஞ்சினாக விலை போக வேண்டுமென்றால், ஏதோ ஒரு வள்ளத்தின் பின்பலகையில் அது ஏறியாக வேண்டும். வள்ளம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம்தான். வலையும் அப்படியே. நண்டு வலையையும் சாளை வலையையும் கடலுக்குப் போகாத எவனும் காசு கொடுத்து வாங்கமாட்டான். பேட்டரி, ஈயம், பித்தளை போன்றவை எடைக்குப் போய்விடும், அது வேறு கணக்கு. மற்ற எதுவானாலும், திருடியவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், கடைசியில் வாங்குகிறவன் மீனவன்.

பூட்டு, சங்கிலி, கேமரா எல்லாம் வேண்டியவைதான், கீழே சொல்கிறேன். ஆனால் கடற்கரை முழுக்க, எண்ணும் பில்லும் இல்லாத பழைய எஞ்சினை யாரும் தொடமாட்டார்கள் என்ற நிலை வந்தால்தான் இந்தத் திருட்டு நிற்கும். விற்க வழியில்லாத பொருளை நாற்பது கிலோ சுமந்து எவனும் திருடமாட்டான்.

பட்டறையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் எஞ்சின் கொண்டுவந்தார். தண்ணீர் இழுக்கவில்லை, சூடாகிறது என்றார். பம்புக்குள் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அது பெரிய வேலையில்லை. குனிந்து பார்த்தேன். வள்ளத்தின் பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில், நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. சுற்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனை கீறிய தடம் வெள்ளையாக மின்னியது. மேல்மூடிக்கு நீலப் பெயின்ட், உள்விளிம்பில் மட்டும் பழைய பச்சை எட்டிப் பார்த்தது.

"தகடு எங்கண்ணே?"

"உப்புல அரிச்சு விழுந்திருக்கும் தம்பி."

அரித்து விழுந்த இடம் அப்படி மின்னாது. பில் கேட்டேன், மச்சான் வீட்டில் இருக்கிறது என்றார். பில் வரட்டும், வேலையைத் தொடங்குகிறேன் என்றேன். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவர் திருடர் அல்ல. புது எஞ்சினுக்கு வழியில்லாமல், யாரோ பாதி விலைக்குக் கொடுக்கிறான் என்றதும் மறு கேள்வி கேட்காமல் வாங்கியவர். அவரைப் போன்றவர்களை நம்பித்தான் இந்தத் திருட்டே நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கி வைத்திருப்பவருக்கு 317-ஆம் பிரிவு, அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை. எடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே தராசு. தகடு இல்லை, பில் இல்லை, பாதி விலை, ராத்திரி பேரம் என்றால் சந்தேகப்படுவதற்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் வாங்கியிருந்தால் ஜெயில் இல்லாமல் தப்பலாம். எஞ்சின் தப்பாது. விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு வராது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரன் ஆதாரத்தோடு வந்து நின்றால் எஞ்சினும் போகும், கொடுத்த காசும் போகும்.

ஆகையால் பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் பகலில் வாங்குங்கள். கிளாம்பில் இருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். விற்பவரின் ஆதார் நகலையோ மீனவர் அடையாள அட்டை நகலையோ வாங்கிக்கொண்டு, ஒரு முத்திரைத் தாளில் எஞ்சின் எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். அவர் ஊர்க் கமிட்டிக்கு ஒரு போன் போட்டு, "இன்னார் எஞ்சின் விற்கிறார், சரிதானா?" என்று கேளுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி நம் பொருளைக் காப்பது பற்றி.

இந்தத் திருட்டுக்கும் நாள் நட்சத்திரம் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், இரண்டும் 61 நாள். கட்டிப்போட்ட விசைப்படகில் வயர்லெஸ், எக்கோ, பேட்டரி என்று எல்லாம் ஆளில்லாமல் கிடக்கும். வள்ளங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனாலும் ஆனி, ஆடி அலையில் மேற்குக் கரையில் எத்தனை வள்ளம் இறங்குகிறது? வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து, எஞ்சினை வீட்டுப் பின்பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் வாரக்கணக்கில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கடல் தெளிந்து தொழிலுக்குப் போகலாம் என்று தார்ப்பாயை விலக்கும் அன்றுதான் அடியில் மரக்கட்டை இருப்பது தெரியும். ஸ்டேஷனில் முதல் கேள்வியே "எப்போ காணாமப் போச்சு?" என்பதுதான். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. தொழில் இல்லாத காலத்தில் வாரம் ஒரு நாளாவது, ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், தார்ப்பாயை விலக்கிப் பாருங்கள். எஞ்சினுக்கும் அது நல்லது, ஈரம் கோத்துக் கெடாமல் இருக்கும்.

அடுத்தது, ஊர் முழுக்க ஓரிடத்தில் கூடும் ராத்திரிகள். எங்கள் பக்கம் திருவிழாத் தேர் சுற்றும் ராத்திரி, சோழமண்டலக் கரையில் மாசி மகம், எல்லாக் கரையிலும் பெரிய சாவு, கல்யாணம், புயல் எச்சரிக்கையில் ஊரே காப்பகத்துக்குப் போகும் நேரம். ஊர் எங்கே இருக்கும் என்று வெளியாளுக்கே தெரியும் ராத்திரிகள் இவை. அன்றைக்குக் கரையில் நான்கு பேர் நிற்க வேண்டும் என்பதை விழாக் கமிட்டியே முன்கூட்டி முடிவு செய்யலாம். பட்டாசுக்கும் சப்பரத்துக்கும் ஆள் போடுகிறோம், கரைக்கு ஆள் போடக் கூடாதா?

எஞ்சினுக்கு வருவோம். வள்ளத்தில் எஞ்சினைப் பிடித்து நிறுத்துவது கிளாம்பில் இருக்கும் இரண்டு திருகுகள். கையாலேயே முறுக்கிக் கழற்றலாம். நமக்கு எவ்வளவு சுலபமோ திருடனுக்கும் அவ்வளவு சுலபம். இரண்டு திருகின் கைப்பிடிகளையும் சேர்த்து மூடிப் பூட்டுகிற எஃகுக் குழாய்ப் பூட்டு இருக்கிறது. கிடைக்காவிட்டால் உள்ளூர் வெல்டரிடம் சொல்லி, நீள வாக்கில் பிளந்த துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் செய்துகொள்ளலாம். திருகு மட்டும் போதாது. கிளாம்பில் போல்ட் போடுவதற்கென்றே துளை இருக்கும், அதன் வழியாகப் பலகையைத் துளைத்து முழு போல்ட் போட்டு முறுக்குங்கள். ஸ்பேனரோடு அவசரமாக வருகிறவனுக்கு அந்த போல்ட் பத்து நிமிஷம் கூடுதல் வேலை வைக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு நாயாவது குரைக்கும்.

சாதாரண இரும்புப் பூட்டு உப்புக்காற்றில் சீக்கிரமே இறுகிவிடும். பிறகு நீங்களே சுத்தியால் உடைப்பீர்கள், அதோடு பூட்டுகிற வழக்கமும் போய்விடும். பித்தளை உடல் பூட்டு வாங்குங்கள். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மேலே உறையாகப் போட்டால் மணல் ஏறாது. மாதம் ஒரு முறை சாவித்துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நூல் கயிற்றையும் நைலான் கயிற்றையும் பூட்டாக நினைக்காதீர்கள், ஒரு கத்திக்கு அது நிற்காது.

கரையில் விடுவதைவிட வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். திண்ணையில் சாய்த்து வைத்த எஞ்சின், தெருவில் போகிற எல்லாருக்கும் விலாசம் சொல்லும். பின்கட்டில், தரையில் கான்கிரீட்டில் பதித்த இரும்பு வளையத்தோடு சங்கிலி போட்டு, ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவி, கார்புரேட்டரில் இருக்கும் எண்ணெயை வடித்த பிறகு வையுங்கள். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: திருட்டுக்குப் பயந்து பெட்ரோல் கேனையும் மண்ணெண்ணெய் டேங்கையும் படுக்கும் அறைக்குள்ளோ அடுப்படிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். போன எஞ்சினை மறுபடி வாங்கலாம். எண்ணெயை வெளியே காற்றோட்டமான இடத்தில் தனியாகப் பூட்டி வையுங்கள்.

இனி அடையாளம். பூட்டை உடைத்துவிடலாம், தகட்டைப் பிடுங்கிவிடலாம், மேல்மூடிக்கு வேறு பெயின்ட் அடித்துவிடலாம். அவன் கைவைக்காத இடத்தில் நீங்கள் ஓர் எழுத்துப் போட்டிருந்தால் எஞ்சின் எந்தக் கரையில் கிடந்தாலும் உங்களுடையது. பட்டறைகளில் நம்பர் பஞ்ச் இருக்கும். ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் உங்கள் வள்ளத்தின் பதிவு எண்ணில் கடைசி நான்கையும் மூன்று இடங்களில் பதியுங்கள்: கிளாம்பின் வெளிப்பக்கம், மேல்மூடிக்கு உள்ளே, கைப்பிடி அடியில். அலுமினியத்தில் லேசாகத் தட்டினால் போதும், பலமாக அடித்து விரிசல் விடாதீர்கள். அடித்த இடத்தில் பிரைமர் பூசாவிட்டால் உப்பு அரிக்கும். ஒன்று எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கட்டும், இரண்டு உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் தெரியட்டும்.

ஃபைபர் வள்ளத்துக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பெயின்ட்டில் எழுதும் பதிவு எண்ணைச் சுரண்டிவிடலாம். வள்ளம் கட்டும்போதோ ஒட்டுப் போடும்போதோ, பெயரும் எண்ணும் எழுதிய ஒரு துண்டுத் தாளை உட்சுவரில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி நார் போட்டு ரெசின் தடவச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு எழுத்து உள்ளிருந்து தெரியும். அதை எடுக்க வேண்டுமானால் கிரைண்டர் வைத்து அந்த இடத்தையே தேய்க்க வேண்டும். தேய்த்த வடுவே சாட்சியாகிவிடும். வள்ளத்தைக் கரையில் விட்டுப் போகும்போது துடுப்பையும் எண்ணெய்க் குழாயையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தள்ளிக்கொண்டு போக அவைதான் வசதி.

வலையைப் பூட்ட முடியாது, அடையாளம் வைக்கலாம். நம்மில் பலர் வலையின் இரு கோடியிலும் மட்டும் நிற நூல் கட்டுகிறோம். எடுத்தவன் முதலில் வெட்டுவது அந்தக் கோடிகளைத்தான். மேல்கயிற்றில், நடுவில், யாரும் எதிர்பார்க்காத தூரங்களில் உங்கள் வீட்டுக்கென ஒரு நிற நூலால் சுற்றுக்கட்டுப் போடுங்கள். மிதப்புகளில் நாலைந்தின் துளைக்குள்ளே சூடான கம்பியால் எழுத்துப் பொறியுங்கள். வலையைப் பொத்தும் கை ஆளுக்கு ஆள் வேறு. தான் பொத்திய கண்ணியைப் பத்து வலைக்கு நடுவிலும் தொட்டுச் சொல்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கிழிசல் பொத்திய இடங்களை நெருக்கமாகப் போட்டோ எடுத்து வைத்தால் அந்தச் சாட்சி போலீசுக்கும் புரியும். வலைகளில் சொந்தக்காரரின் அடையாளம் வேண்டும் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் 2018-இல் வழிகாட்டு நெறிமுறைகளை ஏற்றது. அவர்கள் நோக்கம் பெரிதும் கடலில் கைவிடப்படும் வலைகளைப் பற்றியது. கரையில் களவு போகும் வலைக்கும் அதே அடையாளம் உதவும்.

ஜிபிஎஸ் போனால் போவது கருவியின் விலை மட்டும் அல்ல. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் கிடைக்கும் என்று அப்பா காலத்திலிருந்து சேர்த்த கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தப் புள்ளிகளை இன்றே ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: திருடு போன ஜிபிஎஸ் பிடிபட்டால், உள்ளே இருக்கும் புள்ளிகளும் பெயர்களும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகும். அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தினமும் கரையேறும்போது ஜிபிஎஸ், எக்கோ, வயர்லெஸ், பேட்டரி நான்கையும் கையோடு கொண்டுபோங்கள். அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது வள்ளத்தைக் காட்டும், கழற்றிக்கொண்டு போன எஞ்சினைக் காட்டாது.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் எஞ்சின் பில், மானியத்தில் வாங்கியிருந்தால் அந்தக் காகிதம், வள்ளத்தின் பதிவுச் சான்று, ஜிபிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், எல்லாவற்றின் போட்டோ. ஒரு நகல் வீட்டில், ஒன்று மகள் போனில், ஒன்று ஊர்க் கமிட்டியில் இருக்கட்டும். நம் கடற்கரையில் காகிதம் சேராததற்குக் காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் பல குழுவின் பேரில் வந்தன. பிறகு ஒருவர் பங்கை இன்னொருவர் வாங்கினார், எஞ்சின் தனியாகக் கைமாறியது, பேர் மட்டும் மாறவில்லை. மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்ப் பேரை மாற்றுங்கள். பேர் மாறாத வள்ளத்துக்காகப் புகார் கொடுக்கப் போனால், நம்மை அதட்டி உட்கார வைப்பார்களோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் ஸ்டேஷன் வாசல் ஏறுவதில்லை.

போய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? பலரும் முதலில் போவது மை போட்டுப் பார்க்கிறவரிடம். வெற்றிலையில் யார் முகம் தெரிந்தாலும் அதோடு ஊரில் ஒரு குடும்பத்துக்கு நிம்மதி போய்விடும், எஞ்சின் வராது. நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள். "இது கடலோரப் போலீஸ் எல்லை, அங்கே போ" என்று திருப்பி அனுப்பினால், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. மனு ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், எஃப்ஐஆர் கேளுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். கரையோரம் சந்தேகமாக வள்ளம் நகர்வதைக் கண்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கு அப்போதே போன் போடுங்கள். பொருள் பிடிபட்டாலும் கோர்ட் மூலம்தான் கைக்கு வரும். அங்கே பில்லும் பஞ்ச் எழுத்தும்தான் பேசும்.

வள்ளத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தால், திருட்டும் அதில் அடங்குமா, எஞ்சின் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, வீட்டில் வைத்திருக்கும்போது போனாலும் செல்லுமா என்ற மூன்றையும் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் பதில் பெரும்பாலும் நமக்கு எதிராகத்தான் இருக்கும்.

சந்தேகம் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் போன காலையில் ஊர் கை நீட்டுவது விசைப்படகில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள் மேல், பழைய பிளாஸ்டிக் பொறுக்க வரும் ஆள் மேல், பங்காளிச் சண்டை இருக்கும் பக்கத்து ஊர் மேல். மரத்தில் கட்டி அடிப்பது, அபராதம் போடுவது, ஊர்விலக்கு செய்வது எல்லாம் குற்றம். நியாயம் கேட்கப் போன ஊரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும். எந்த வள்ளம் எங்கே கிடக்கிறது, எந்த எஞ்சின் எந்த வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது, அந்த வீட்டுக்காரர் எப்போது கடலில் இருப்பார் என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், ஊருக்குள்ளிருந்தே யாரோ சொல்லியிருக்கலாம். குடிக்குக் கடன்பட்டு நிற்கும் நம் பையன் ஒருவனாகவும் அவன் இருக்கலாம். அதை விசாரிப்பது போலீஸ் வேலை. அவனைத் திருத்துவது நம் வேலை.

காவலும் கேமராவும் கடலைப் பார்த்தே நிற்கின்றன. நாற்பது கிலோ எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? ஒரு வண்டி வந்தாக வேண்டும், அது ஊருக்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற வேண்டும். பெரும்பாலான ஊர்களுக்கு அப்படி ஒன்றிரண்டு வழிகள்தான் உண்டு. முதல் கேமராவும் முதல் விளக்கும் அந்த முக்கில் இருக்கட்டும், வண்டி எண் தெரிகிற உயரத்தில். கரையில் இரண்டாவது. விடியுமுன் மீன் எடுக்கக் கிளம்பும் அக்காமார்தான் நம் கரையின் உண்மையான காவல். அந்த நேரத்தில் ரோட்டில் நிற்கும் தெரியாத வண்டியை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு போன் நம்பர் கொடுங்கள். சொன்னதும் எழுந்து வர ஒரு ஆளும் இருக்கட்டும்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஊரிலுள்ள எல்லா எஞ்சின்களின் எண்களையும், வள்ளப் பதிவு எண்களையும், ரகசிய அடையாளங்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கமிட்டி பெட்டியில் பூட்டி வைப்பது. விற்றாலும் வாங்கினாலும் அதில் ஒரு வரி ஏற வேண்டும்.

இரண்டாவது, கமிட்டிக் கடிதம் இல்லாமல் வெளியூர் எஞ்சினோ வலையோ நம் கரையில் இறங்கக் கூடாது. அப்படி வந்ததை எந்த மெக்கானிக்கும் பழுது பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் பேசிவருகிறேன், நீங்களும் உங்கள் பக்கத்தில் பேசுங்கள். இது ஓர் ஊர் செய்தால் திருட்டு அடுத்த ஊருக்கு நகரும். அடுத்தடுத்த பத்து ஊர் செய்தால் நகர இடமில்லை.

மூன்றாவது, களவு போன அன்றே எஞ்சின் எண்ணையும் போட்டோவையும் பக்கத்து ஊர்க் கமிட்டிகளுக்கும் பட்டறைகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஊர் மானம் என்று மூடி மறைத்தால் லாபம் திருடனுக்கு மட்டும்தான்.

இதற்கு அரசாணை தேவையில்லை, மானியமும் தேவையில்லை. நோட்டு, நம்பர் பஞ்ச், "பில் எங்கே?" என்று கேட்கும் வாய், இவ்வளவு போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நம்மில் ஒருவர் இன்று வாங்கும் எஞ்சின், இன்னொரு மீனவன் வீட்டுப் பின்கட்டிலிருந்து வந்தது. நாளைக்கு அவன் உங்கள் எஞ்சினை அதே விலைக்கு வாங்குவான். தீர்மானம் போட்ட ஊர்கள் பக்கத்து ஊருக்கு எழுதுங்கள், அந்த ஊர் அடுத்த ஊருக்கு எழுதட்டும்.

அன்புடன்,
குமரிக் கடற்கரையிலிருந்து ஓர் எஞ்சின் மெக்கானிக்